கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சேன், அண்ணன்கிட்ட பேசல

நான் பாம்பன்காரன், நாட்டுப்படகுல நண்டு வலை போடுறவன். சாயங்காலம் வலை விட்டுட்டு வந்தா விடியக்காலம் எடுக்கப் போகணும், நடுவுல கெடைக்கிற நேரத்துல போன்ல டைப் பண்ணுறேன், அதனால அங்கங்க விட்டு விட்டு வரும். இப்ப எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. இது 2025 நவம்பர். இந்த வருஷம் திருவருகைக் காலம், அதான் கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு தயாராகுற காலம், நவம்பர் 30 ஞாயித்துக்கிழமையே ஆரம்பிக்குது, இன்னும் பத்து நாள்கூட இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே நேரத்துல யாராச்சும் என்னைய உக்கார வச்சு, டேய் கிறிஸ்மஸுக்கு முன்னாடி இந்த இந்த வேலைய முடிச்சுக்கடான்னு சொல்லியிருந்தா எனக்கு 50,000 ரூவா கடன் வந்திருக்காது, ஒரு நடுச்சாமப் பூசையில பாதியிலேயே எந்திரிச்சு ஓடி வந்திருக்கவும் மாட்டேன். யாரும் சொல்லல, இல்ல சொன்னது என் காதுல ஏறல. அதான் நான் சொல்லிடுறேன், யாருக்காவது ஆகும்.

எங்கப்பா 2022 ஜனவரியில தவறிட்டாரு. கிட்னி ரெண்டும் போயி மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ஒன்றரை மாசம் கெடந்தாரு. அண்ணன்தான் கூடவே இருந்தாரு, நான் கடலுக்குப் போயி இங்க ரெண்டு வீட்டுக்கும் பாத்துக்கிட்டேன். அப்பா போனதுக்கப்புறம் மார்ச்சுல அவரோட ஃபைபர் வல்லத்தையும் எஞ்சினையும் சேத்து 1,90,000க்கு வித்தோம். பாதிக்குப் பாதி 95,000 வரும்னு நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன், அண்ணன் என் கையில 38,000 குடுக்குறாரு. என்னண்ணே இதுன்னா, ஆஸ்பத்திரிக்கு 1,14,000 ஆச்சு, வெளிய வாங்கிக் கட்டுனேன், அதக் கழிச்சுட்டு மிச்சத்த ரெண்டாப் பிரிச்சேன்னாரு. எனக்கு 57,000 ரூவா கண்ணு முன்னாடி போயிருச்சு. கடற்கரையில மீன் ஏலம் போடுற நேரம், அத்தனை பேரு நிக்கிறாங்க, அங்க வச்சு அவரத் திருடன்னு சொன்னேன். அப்பன் சாவுலயும் காசு பாத்தவன்னு சொன்னேன். அண்ணன் ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல, கூடைய எடுத்துக்கிட்டு நடந்து போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே மதினி வந்து ஆஸ்பத்திரி பில்லு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எங்க வாசல்ல வச்சுட்டுப் போனாங்க. நான் அதப் பிரிச்சுக்கூடப் பாக்கல, தூக்கிப் பரண்ல எறிஞ்சேன்.

அதுக்கப்புறம் பேச்சு வார்த்த இல்ல. எங்க ஊர்ல ஒரு கோயிலச் சேந்த சனத்துக்கும் பங்குன்னுதான் சொல்லுவோம், படகுல வர்ற காசப் பிரிச்சாலும் பங்குன்னுதான் சொல்லுவோம். ஒரே பங்குல இருந்துக்கிட்டு இன்னொரு பங்குக்காக மூஞ்சி பாக்காம இருந்தோம். 2022 கிறிஸ்மஸ் அப்பா இல்லாத முதல் கிறிஸ்மஸ், நாங்க கொண்டாடல, அதனால அது தப்பிச்சிருச்சு. 2023லதான் எல்லாம் நடந்துச்சு.

அந்த வருஷம் காலண்டரே ஒரு மாதிரி. கிறிஸ்மஸ் திங்கக்கிழம, அதனால டிசம்பர் 3ந் தேதி திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, நாலாவது ஞாயிறு டிசம்பர் 24லயே வந்துருச்சு. ஞாயித்துக்கு ஒண்ணா ஏத்துறதுல காலையில நாலாவது மெழுகுவர்த்தி, ராத்திரி கிறிஸ்மஸ், நாலாவது வாரம்னு ஒண்ணே கெடையாது. பங்குச் சாமியார், நாங்க சாமின்னுதான் சொல்லுவோம், பூசையில சொல்லத்தான் செஞ்சாரு, இந்த வருஷம் நாள் கம்மி, தள்ளிப் போடாதீங்கன்னு. நான் வேற கணக்குல இருந்தேன். அண்ணன் வீட்டுக்கு அந்த வருஷம் பெயிண்ட் அடிச்சாங்க. அதப் பாத்ததுல இருந்து எனக்கு எங்க வீட்டுச் செவரு அசிங்கமாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. தொழிலும் இல்ல. மாச ஆரம்பத்துல சென்னைப் பக்கம் மிக்ஜாம் புயல், அப்புறம் 17, 18ந் தேதியில தூத்துக்குடி திருநெல்வேலிப் பக்கம் பேய் மழை, கடலுக்குப் போகாதீங்கன்னு அறிவிப்பு மேல அறிவிப்பு. கையில காசு இல்லாம நான் நண்டு எடுக்குற வியாபாரிகிட்டப் போயி 50,000 முன்பணம் வாங்கினேன்.

இந்த முன்பணத்தப் பத்தித் தொழில்ல இருக்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன். வட்டின்னு எழுத மாட்டாங்க, ஆனா கடன் அடையிற வரைக்கும் நம்ம நண்டு அவங்களுக்குத்தான், அவங்க சொல்றதுதான் வெல. எனக்குக் கிலோவுக்கு 40 ரூவா கொறச்சு எடுத்தாங்க. சராசரி ஒரு நாளைக்கு 4 கிலோன்னு வச்சுக்கங்க, 160 ரூவா போச்சு. அடுத்த கிறிஸ்மஸுக்குள்ள 150 நாள் கடலுக்குப் போயிருப்பேன், 24,000 ரூவா வெலக் கொறவுலயே போச்சு, வாங்கின கடன் தனி. அந்த 50,000 எங்க போச்சுன்னும் சொல்லிடுறேன். பெயிண்டும் கூலியும் 12,000, துணிமணி 14,000, விருந்து 9,000, கேக்கு பலகாரம் 4,000, ஸ்டாரும் சீரியல் செட்டும் 3,500, குடிக்கு 5,000, மிச்சம் கையிலயே கரைஞ்சிருச்சு. ஸ்டார மாடியில மூங்கில் கட்டி ஏத்துனேன், அண்ணன் வீட்டு ஸ்டார விட ஒசரமா இருக்கணும்னு. அதே வாரம் கோயில்ல தூத்துக்குடி மக்களுக்குன்னு உண்டியல் வச்சாங்க, அதுல நான் 100 ரூவா போட்டேன். இத எழுதுறப்ப இப்பவும் நெஞ்சுல குத்துது.

24ந் தேதி நடுச்சாமப் பூசை. உன்னதங்களிலேங்கிற பாட்டப் பாடுறப்ப மணி எல்லாம் அடிச்சு, பாலன் இயேசு சுரூபத்த, மாட்டுக்கொட்டகை மாதிரி கட்டுன குடில்ல வச்சாங்க. பிரசங்கத்துல சாமி, புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில கிரெச்சோங்கிற ஊர்ல முதல் குடில வச்சது 1223ல, இன்னைக்கு 800 வருஷம்னு சொன்னாரு, அவரு மாடும் கழுதையும் வைக்கோலும் மட்டும் வச்சாரு, அது முன்னாடி நின்னு அசிசியார் கண்ணீர் விட்டாருன்னாரு. நான் புதுச் சட்டையில உக்காந்து ஜனவரியில எத்தன கிலோ நண்டு குடுத்தா கடன் அடையும்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். அப்புறம் சமாதானம் சொல்ற நேரம் வந்துச்சு. எனக்கு மூணு வரிசைக்கு முன்னாடி அண்ணன். எல்லாரும் பக்கத்துல இருக்குறவங்களுக்குக் கை கூப்புறாங்க, அவரு முழுசாத் திரும்பி என்னையத் தேடிப் பாத்துக் கை கூப்புனாரு. நான் குனிஞ்சு போனைப் பாத்தேன். போன்ல ஒண்ணும் இல்ல, அணைஞ்சு கெடந்துச்சு. நன்மை, அதான் பூசையில குடுக்குற அப்பம், வாங்குறதுக்கு எல்லாரும் எந்திரிச்சப்ப நானும் எந்திரிச்சு, வரிசைக்குப் போகாம சைடு கதவு வழியா வெளிய வந்துட்டேன். என் மகனுக்கு அப்ப 10 வயசு, பின்னாடியே ஓடி வந்து அப்பா நன்மை வாங்கலையான்னு கேக்குறான். போடா உள்ளன்னு அதட்டி அனுப்பிட்டு நேரா கடற்கரைக்குப் போயிட்டேன். வாடை அடிக்குது, வடகடல் இரைஞ்சுக்கிட்டுக் கெடக்கு, கோயில் மைக் செட்டுல பாட்டு காத்துல வந்து வந்து போகுது. என் படகுல சாஞ்சு உக்காந்து குடிச்சுக்கிட்டே விடிய விடிய இருந்தேன். ஊரு முழுக்க வெளிச்சம், எனக்கு ஒரு ஆளும் இல்ல. அந்தத் தனிமைய நான் யாருக்கும் வேண்டிக்க மாட்டேன்.

இதுல நான் கத்துக்கிட்ட முதல் விஷயம் காசுதான், அதச் சொல்லிட்டு மேல போறேன். ஆன்மிகம் பேசுறப்ப காசு எதுக்குன்னு நெனைக்காதீங்க. கடன் வாங்கிக் கொண்டாடுனா மனசு குடில் பக்கம் போகாது, கடங்காரன் பக்கம்தான் போகும். முதல் ஞாயித்துக்கு முன்னாடியே வீட்டுக்காரம்மாவும் நீங்களும் உக்காந்து இவ்வளவுதான்னு ஒரு தொகைய எழுதிருங்க. நாங்க 2024ல 11,000னு எழுதினோம், பிள்ளைகளுக்குத் துணி, ஒரு நேரம் விருந்து, தர்மத்துக்கு 1,000, அவ்வளவுதான், 10,600ல முடிஞ்சிருச்சு. பழைய ஸ்டாருக்கு பல்பு மட்டும் மாத்தினோம். உறவுக்காரங்க வருவாங்கன்னா அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, இந்த வருஷம் சாதாரணமாத்தான் இருக்கும்னு. சென்னையில இருந்து தங்கச்சி வந்துச்சு, அப்ப பழைய பாலத்துல ரயில் இல்ல, மண்டபத்துல எறங்கிப் பஸ் பிடிச்சு வந்தவ, மீன் கொழம்பு வச்சா போதும்ணேன்னுதான் சொன்னா. நாமதான் அவங்க என்னமோ எதிர்பாக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்குறோம்.

2024 நவம்பர் 20 இங்க பெஞ்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் எல்லாம் மெதந்துச்சு. எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, மேல கூரையும் ஒழுகுது. பரண்ல இருந்த சாமான எல்லாம் எறக்குனப்ப அந்த மஞ்சப்பையும் வந்துச்சு. வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லாம அதக் காய வச்சு ஃப்ரிட்ஜு மேல வச்சுட்டா. தினம் தண்ணி எடுக்கப் போறப்ப கண்ணுல படும், நான் பாக்காத மாதிரி போவேன். அடுத்த வாரமே டிசம்பர் 1, முதல் ஞாயிறு. நற்செய்தி வாசகம் லூக்கா 21. கதிரவன்லயும் நிலாவுலயும் அடையாளம் தெரியும், கடல் கொந்தளிக்கிற சத்தத்துல மக்கள் கலங்குவாங்கன்னு வரும், அதோட இன்னொரு வரியும் வரும், குடிவெறியாலயும் உலகக் கவலையாலயும் உங்க உள்ளம் மந்தமாகாம பாத்துக்கங்கன்னு. கடலையும் சொல்லி, குடியையும் சொல்லி, கடனையும் சொன்ன மாதிரி எனக்கு இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் குடிக்கிறதில்லன்னு முடிவு பண்ணினேன். ரெண்டு நாள் கை நடுங்குச்சு, மூணாவது நாள் தூக்கம் வரல, ஒரு வாரத்துல சரியாச்சு. ஆனா எனக்கு இருந்தது கொஞ்சப் பழக்கம்தான். தினமும் நெறையக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து வரலாம், டாக்டரப் பாத்துட்டு நிறுத்துங்க, ஒறுத்தல், விரதம்னு சொல்லித் தனியா முயற்சி பண்ணாதீங்க.

அடுத்தது பாவசங்கீர்த்தனம், அதான் சாமியார்கிட்டத் தனியாப் பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குறது. இதுலதான் நான் அதிகமாச் சொல்லணும். எல்லாரும் பண்ற தப்பு, மூணாவது வாரமோ கடைசி வாரமோ பங்குல பொதுப் பாவசங்கீர்த்தனம் வைப்பாங்கல்ல, பக்கத்து ஊர்ச் சாமிமாரெல்லாம் வருவாங்க, அதுக்குன்னு விட்டுடுறது. அங்க வரிசை நீளமா இருக்கும், நமக்குப் பின்னாடி நாப்பது பேரு நிப்பாங்க, பூசைக்கு வரல சாமி, பொய் சொன்னேன் சாமின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டு வந்துருவோம். உள்ள கெடக்குறது உள்ளயேதான் கெடக்கும். முதல் வாரத்துல, சாதாரண நாள்ல போங்க. சாமிகிட்ட முன்னாடியே, எனக்கு அரை மணி நேரம் வேணும் சாமின்னு கேளுங்க, எந்தச் சாமியாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. எனக்கு எங்க பங்குச் சாமிகிட்டப் போகக் கூச்சமா இருந்துச்சு, அவருக்கு அண்ணனையும் தெரியும் என்னையும் தெரியும். அதனால புதன்கிழம ராமநாதபுரம் போயி பஸ் மாறி ஓரியூர் போயிட்டேன். புனித அருளானந்தர 1693 பிப்ரவரி 4ந் தேதி தலைய வெட்டுன எடம், அந்தச் செம்மண்ண அப்பா எங்க சின்ன வயசுல நெத்தியில பூசி விடுவாரு. அன்னைக்குக் கூட்டமே இல்ல. தெரியாத ஊருல தெரியாத சாமிகிட்டச் சொல்றது சில பேருக்கு லேசா இருக்கும், அதுல தப்பே இல்ல.

போறதுக்கு முன்னாடி ஞானோபதேச வகுப்புல படிச்ச மாதிரி ஆத்தும சோதனை பண்ணினேன். பத்துக் கட்டளைய ஒண்ணொண்ணாச் சொல்லிப் பாத்தா எல்லாம் லேசாத் தாண்டிப் போகுது. அப்புறம் வேற மாதிரி கேட்டுப் பாத்தேன், யாரு பேரைக் கேட்டா என் வயிறு எரியுது, யாருக்கு நட்டம் வந்தா எனக்கு உள்ளுக்குள்ள குளுருது. ஒடனே வந்துருச்சு. நீங்களும் இந்த ரெண்டு கேள்வியோட ஆரம்பிங்க, ஒரு தாள்ல எழுதுங்க, எழுதுனத பாவசங்கீர்த்தனம் முடிஞ்சதும் எரிச்சிருங்க. நான் சாமிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், ஏலத்துல வச்சுத் திருடன்னு சொன்னது, சமாதானம் சொல்றப்ப குனிஞ்சுக்கிட்டது, வாட்ஸப்ல அண்ணன் பாக்கட்டும்னு அநியாயமாச் சேத்த சொத்தப் பத்தி வேதாகம வசனமாத் தேடித் தேடி ஸ்டேட்டஸ் வச்சது வரைக்கும். அவரு கேட்டுக்கிட்டே இருந்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. அந்தப் பையத் தெறந்து பாத்தியாப்பா? இல்ல சாமின்னேன். பாக்காமயா திருடன்னு சொன்ன? எனக்குப் பதில் வரல. பாவத்துக்குப் பரிகாரமா அவரு குடுத்தது, இன்னைக்கு ராத்திரி அந்தப் பையத் தெறக்கணும், அப்பாவுக்காக ஒரு ஜெபமாலை சொல்லணும், அவ்வளவுதான்.

ராத்திரி பிள்ளைக தூங்குனதுக்கப்புறம் தரையில பாய் விரிச்சு பையக் கொட்டுனேன். அறுபது எழுபது தாள் இருக்கும். ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தத மெல்லப் பிரிச்சேன். பாதிக்கு மேல வெள்ளத்தாள். மருந்துக்கடையில மிஷின்ல அடிச்சுக் குடுக்குற பில்லு இருக்கும்ல, வழவழன்னு, அதெல்லாம் எழுத்து சுத்தமாப் போயி வெறும் தாளா இருக்கு. வெளிச்சத்துல சாச்சு சாச்சுப் பாத்தாலும் தேதிகூடத் தெரியல. கையில எழுதுன ரசீது மட்டும் தெரியுது, டயாலிசிஸ், ரத்தம், ஆம்புலன்ஸ், அதக் கூட்டுனா 71,000 வருது. மிச்சம் 43,000 ரூவாய்க்கு எங்கிட்ட இருக்குறது வெள்ளத்தாள்தான். ரெண்டே முக்கா வருஷம் முன்னாடி, மதினி வாசல்ல வச்ச அன்னைக்கே பிரிச்சிருந்தா ஒவ்வொண்ணாப் பாத்திருக்கலாம். இனிமே எந்தக் காலத்துலயும் பாக்க முடியாது. நம்புனா நம்பலாம், நம்பாட்டி சாகுற வரைக்கும் சந்தேகத்தோட கெடக்கலாம், வேற வழியே இல்ல. அப்படியே உக்காந்திருந்தப்ப அடியில மடிச்ச நோட்டுத்தாள் ஒண்ணு கெடச்சுச்சு. அண்ணன் கையெழுத்து, பேனாவுல தினக்கணக்கு. அப்பாவுக்கு இளநி 40. அப்பாவுக்கு பிரெட்டு 30. எனக்கு இட்லி 20. எனக்கு டீ 10. அடுத்த நாள் எனக்கு டீ 10, அடுத்த நாளும் எனக்கு டீ 10, இட்லி போட்டிருக்கவே இல்ல. ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்து ஒரு டீயோட நாளக் கழிச்ச ஆளத்தான் நான் திருடன்னு சொல்லியிருக்கேன். ஜெபமாலை பாதியில நின்னு போச்சு, அழுகையில வார்த்த வரல.

அதுக்காக ஒடனே எந்திரிச்சு ஓடிடலாம்னு நெனைக்காதீங்க. நான் அந்த ராத்திரியே போறேன்னு கெளம்புனேன், வீட்டுக்காரம்மாதான் தடுத்தா, அழுதுக்கிட்டுப் போனீங்கன்னா அவரு உங்களத் தேத்த வேண்டியதா இருக்கும், உங்க தப்பச் சொல்ற நேரம் போயிடும்னு சொன்னா. சரிதான். ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டேன். பசங்க சவுக்குத் தழையும் பனையோலையும் வச்சு வளையம் கட்டுனாங்க, மூணு ஊதா மெழுகுவர்த்தி ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி, அது மூணாவது ஞாயித்துக்கு. தினம் ஏழு மணிக்கு டிவிய அணைச்சுட்டு அந்த வாரத்து மெழுகுவர்த்திய ஏத்தி அன்னன்னைக்கு வர்ற நற்செய்திய மகன் வாசிப்பான், அப்புறம் அஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. மொத்தமே கால் மணி நேரந்தான். தினம் ஒரே நேரத்துல பண்ணுங்க, அது ஒண்ணுதான் முக்கியம், நீளமா பண்ணனும்னு நெனச்சா நாலாவது நாள் நின்னு போகும். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா மறுநாள் சேத்துப் பண்ணாதீங்க, அப்படியே தொடருங்க. கடல்ல இருக்குற நாள்ல வலைய விட்டுட்டு எஞ்சின அணைச்சுட்டு அங்கேயே உக்காந்து சொல்லிக்குவேன். மக கேழ்வரக ஒரு பழைய தட்டுல மண்ணு போட்டு வெதச்சு, குடிலுக்குப் புல்லுக்காக, தினம் தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தா.

அந்த வருஷம் ஞாயித்துக்கிழம வாசகமெல்லாம் லூக்காவுல இருந்து. 8ந் தேதி, பள்ளம் நிரப்பப்படும், மலை தாழ்த்தப்படும், கோணல் நேராகும்னு திருமுழுக்கு யோவான் சொல்றது. 15ந் தேதி, மக்கள் வந்து யோவான்கிட்ட நாங்க என்ன செய்யணும்னு கேக்குறது. அவரு பெருசா ஒண்ணும் சொல்லல பாருங்க. ரெண்டு அங்கி வச்சிருக்குறவன் இல்லாதவனுக்குக் குடுக்கட்டும், வரி வாங்குறவன் அதிகமா வாங்காம இருக்கட்டும், படைவீரன் யார் மேலயும் பொய்க் குற்றம் சாட்டாம இருக்கட்டும். அந்தக் கடைசி வார்த்த என்னையத்தான் சொல்லுச்சு. எங்கிட்ட ரெண்டு செட் வலை இருந்துச்சு, மழையில வலை போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரு செட்டக் குடுத்தேன். குடுக்கக் கைதான் வரல, குடுத்தப்புறம் நல்லாத் தூங்குனேன்.

16ந் தேதி முதல் தடவ அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி வந்து, அவரு தூங்குறாருன்னாங்க. உள்ள டிவி ஓடுது. டீ குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்துட்டேன். வழியெல்லாம் கோவம், நாமளே எறங்கிப் போறோம், இவ்வளவு பண்றாருன்னு. முதல் தடவ அப்படித்தான் இருக்கும்னு மனசத் தயார் பண்ணிக்கங்க. நாம ரெண்டு வாரமா யோசிச்சுட்டுப் போறோம், அவங்களுக்கு அந்த நேரம் கெடைக்கலல்ல. இன்னும் நாலு விஷயம் பட்டதச் சொல்றேன், குடிச்சுட்டுப் போகாதீங்க, சாட்சிக்கு ஆள் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க, ஆனா நீயும் அன்னைக்குன்னு ஆரம்பிக்காதீங்க, கேக்குல ஆரம்பிச்சு மன்னிப்புல முடிக்கலாம்னு பலகாரத் தட்டத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க. அதே மாதிரி, உங்கள அடிச்சவங்க, கொடுமை பண்ணுனவங்க விஷயத்துல இதையெல்லாம் பண்ணியே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். அங்க தனியாப் போகவே கூடாது, மனசுக்குள்ள மன்னிக்கிறது வேற, திரும்ப அவங்க கைக்குள்ள போறது வேற. எனக்கு நடந்தது என் பக்கத்துத் தப்பு, அதனால நான் போகணும்.

22ந் தேதி நாலாவது ஞாயிறு. மரியாள் எலிசபெத்து வீட்டுக்கு மலைநாட்டுக்கு விரைஞ்சு போற வாசகம். வயித்துல ஆண்டவரச் சுமந்துக்கிட்டு அவங்க முதல்ல போன எடம் ஒரு சொந்தக்காரங்க வீடு. அன்னைக்கு சாயங்காலம் திரும்பவும் போனேன். அந்த நாளுக்கு எங்க குடும்பத்துல இன்னொரு கணக்கும் இருக்கு. 1964 டிசம்பர் 22 ராத்திரிதான் தனுஷ்கோடிய கடல் கொண்டுபோச்சு, ரயிலோட. அப்பாவுக்கு அப்ப 9 வயசு. அந்த வருஷம் பாம்பன்ல யாரும் கிறிஸ்மஸ் கொண்டாடல, ஒப்பாரிதான் இருந்துச்சுன்னு சொல்லுவாரு. அதுல இருந்து சாகுற வரைக்கும் ஒவ்வொரு 22ந் தேதி ராத்திரியும் வாசப்படியில கிழக்கப் பாத்து ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவாரு. அவரு போனதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் ஏத்தல, எனக்கு ஞாபகமே இல்ல. அண்ணன் வீட்டுத் தெருவுல திரும்புறேன், அவரு வாசப்படியில ஒரு மெழுகுவர்த்தி எரியுது, காத்துக்கு மறைப்பா ஒரு தகரத்த வச்சிருக்காரு, பக்கத்துல அண்ணன் குத்த வச்சு உக்காந்திருக்காரு.

நான் அவரு பக்கத்துல உக்காந்தேன். அண்ணே பையத் தெறந்து பாத்தேன், உன்னைய அநியாயமாத் திருடன்னு சொல்லிட்டேன், என்னைய மன்னிச்சிருன்னேன். வேற ஒண்ணும் சொல்லல, அவ்வளவுதான் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, இங்க வந்து காதுல சொல்ற, கடற்கரையில அத்தனை பேரு கேக்கத்தானே சொன்ன, அங்க வந்து சொல்லு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு ரெண்டு நாள் அதுலயே கெடந்தேன். பாவசங்கீர்த்தனத்துல சாமி மன்னிச்சாச்சு, ஆண்டவர் மன்னிச்சாச்சு, இது எதுக்குன்னு மனசு வாதாடுது. ஆனா அவரு கேட்டது நியாயம். பேர எங்க எடுத்தோமோ அங்கதான் வைக்கணும்.

24ந் தேதி செவ்வாக்கெழம காலையில, நண்டு எடை போட்டு முடிச்சு ஏலம் நடக்குறப்ப, போயி நின்னேன். எனக்குக் கடன் குடுத்த வியாபாரியும் அங்க நிக்கிறாரு. 2022ல எங்கண்ணன நான் இங்க வச்சுத் திருடன்னு சொன்னேன், அது பொய், அவரு ஒத்தப் பைசா எடுக்கலன்னு சத்தமாச் சொன்னேன். தொண்ட அடைச்சுச்சு. ரெண்டு பேரு சிரிச்சாங்க, ஒரு பெரியவர் தலையில இருந்த துண்ட எடுத்தாரு. அண்ணன் எடைத் தட்டுப் பக்கத்துல நின்னவரு என்னையப் பாக்கவே இல்ல, கூடையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, சரி வா, வீட்டுல மதினி காத்துக்கிட்டிருப்பான்னாரு. அன்னைக்கு ராத்திரி பூசையில சமாதானம் சொல்றப்ப ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல இருந்தோம். நன்மை வாங்கிட்டு வந்து முழங்கால் போட்டப்ப எனக்கு வேண்டிக்கிறதுக்கு ஒண்ணுமே தோணல, சும்மா இருந்தேன், அப்படி ஒரு அமைதி என் வாழ்க்கையில அதுக்கு முன்னாடி இல்ல. மக வளத்த கேழ்வரகுப் புல்லு ரெண்டு வெரல் ஒசரம் வளந்து குடில்ல பாலனுக்கு முன்னாடி பச்சப்பசேல்னு நின்னுச்சு.

எல்லாம் பழையபடி ஆயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். நாங்க இன்னும் தனித்தனிப் படகுலதான் போறோம், காசு விஷயம் பேசுனா ரெண்டு பேரும் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் பேசுறோம். வியாபாரிகிட்ட இன்னும் 8,000 பாக்கி நிக்கிது, பொங்கலுக்குள்ள முடிச்சிருவேன். வர்ற சனிக்கெழம என் மகனும் அண்ணன் மகனும் வளையத்துக்குச் சவுக்குத் தழை வெட்டப் போறாங்க, புதன்கிழம நான் ஓரியூர் போறேன், இந்தத் தடவ அண்ணனும் வர்றேன்னிருக்காரு. மஞ்சப்பைய அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். அந்த நோட்டுத்தாள மட்டும் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன், எங்க வீட்டு பைபிள்ல லூக்கா 3ம் அதிகாரத்துக்குள்ள இருக்கு.